பின்வாசல் கூரை: ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு

பின்வாசலுக்கு மேல் பாலிகார்பனேட் (ஒருவகை கெட்டிப் பிளாஸ்டிக்) ஷீட் போட்டு ஒரு மழைக்காலம் முழுசாகப் போய்விட்டது. சுவரோரம் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. இனி தைரியமாகச் சொல்லலாம், வேலை செய்த குழு நல்ல குழு.

இந்த மாதிரி வேலையில் ஷீட்டின் நிறம், அதைத் தாங்கும் பைப்பின் பளபளப்பு எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். பழைய வீட்டோடு புதுக் கூரை சேர்கிற அந்த ஒரு கோடுதான் முக்கியம். முதலில் வந்து பார்த்த ஒருவர், சன்ஷேடு நுனியிலேயே பைப்பை வைத்து போல்ட் அடித்துவிடலாம் என்றார். சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் சன்ஷேடு என்பது சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கான்கிரீட். அதன் நுனியில் ஒரு கூரையைத் தொங்கவிட்டால் சுவரோடு சேரும் இடத்தில்தான் விரிசல் விடும். பலத்த காற்றில் கூரை மேல்நோக்கி இழுக்கும் என்பதை வேறு நினைத்துப் பாருங்கள். அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

நான் வேலை கொடுத்தவர்கள் பூச்சைக் கொஞ்சம் கொத்தி, உள்ளே கான்கிரீட் பீம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, அதில்தான் ஆங்கர் போல்ட், அதாவது கான்கிரீட்டுக்குள் இறுகிப் பிடிக்கும் போல்ட், இறக்கினார்கள். துளை போட்ட பிறகு உள்ளே இருந்த தூசியை பிரஷ் விட்டு எடுத்து ஊதிச் சுத்தம் செய்ததைப் பார்த்தபோதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. தூசி தங்கினால் பிடிமானம் குறையும். அவசரத்தில் பலர் விட்டுவிடுகிற வேலை இது. முன்பக்கத்துக்குத் தனியாகக் குழி எடுத்து, கான்கிரீட் போட்டு, தூண் நிறுத்தினார்கள்.

அப்புறம் ஃப்ளாஷிங், அதாவது கூரையும் சுவரும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்காமல் மூடும் தகடு. ஷீட்டுக்கும் சுவருக்கும் இடையில் சிலிகானை மட்டும் பூசிவிட்டுப் போனால் அது நாள்பட நிற்காது. பாலிகார்பனேட் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். 3 மீட்டர் ஷீட், 40 டிகிரி வித்தியாசத்தில் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் நகரும். இவர்கள் சுவரில் கிரைண்டரால் காடி வெட்டி, அலுமினியத் தகட்டின் மேல் ஓரத்தை அதற்குள் செருகி அடைத்தார்கள். கீழ் ஓரத்தை ஷீட்டின் மேல் சும்மா படிய விட்டார்கள். அடியில் ஷீட் நகர்ந்துகொள்ளும், தகடு அசையாது. ஸ்க்ரூவுக்கும் துளையைப் பெரிதாகவே போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, அளவோடு முறுக்கினார்கள். வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) மீட்டருக்கு 9 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறது. தண்ணீர் எங்கும் தேங்குவதில்லை.

குறை இல்லாமலும் இல்லை. நான் வாங்கியது உள்ளே அறை அறையாக இருக்கும் இரட்டை அடுக்கு ஷீட். அதன் மேல் முனையை முழுசாக அடைக்க வேண்டும். கீழ் முனைக்குக் காற்றும் ஈரமும் வெளியேறுகிற டேப்தான் ஒட்ட வேண்டும். இவர்கள் இரண்டு பக்கமும் ஒரே அடைப்பு டேப்பை ஒட்டிவிட்டார்கள். உள்ளே நீர்த்துளி கட்டி, ஓரத்தில் பாசி படிய ஆரம்பித்தது. பலமுறை போன் செய்த பிறகு வந்து மாற்றிக் கொடுத்தார்கள், பணம் கேட்கவில்லை. ஆனால் படிந்த பச்சை சில அறைகளில் அப்படியே நிற்கிறது. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

கனமழையில் சத்தமும் அதிகம். கீழே உட்கார்ந்து பேச முடியாது. இது ஷீட்டின் குணம், அவர்களைச் சொல்லிப் பயனில்லை.

வேலை பேசும்போதே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: மாடித் தண்ணீர் இறங்கும் பைப் புதுக் கூரையின் மேல் கொட்டுமா, அதைத் திருப்பிவிடுவது யார் பொறுப்பு? எங்கள் வீட்டில் அது கணக்கில் சேரவே இல்லை, பிளம்பரைத் தனியாகக் கூப்பிட வேண்டியிருந்தது. அது போக, சுவரோடு கூரையைச் சேர்த்த அந்த வேலை ஒன்றுக்காகவே இந்தக் குழுவை யாருக்கும் சிபாரிசு செய்வேன்.