லாரன்ஸ் ரோட்டு மாடிக் கடை: காணாமல் போன மின்னஞ்சல் இணைப்பைத் தேடிக் கொடுத்த விதம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் முதல் மாடியில் இயங்கும் இந்தக் கணினிப் பழுதுநீக்கும் கடைக்கு நான் சென்றது, என் மடிக்கணினியில் ஏதோ பழுது என்பதற்காக அல்ல. நான் பணியாற்றி ஓய்வு பெற்ற பள்ளியின் நூற்றாண்டு மலருக்காக 46 பக்கங்கள் கொண்ட கட்டுரைத் தொகுப்பு ஒன்றைத் திருத்தும் பொறுப்பு எனக்கு வந்திருந்தது. இரண்டு நாள் இரவும் பகலுமாக உட்கார்ந்து செய்த திருத்தங்கள் அனைத்தும் மூன்றாம் நாள் காலையில் காணப்படவில்லை. அவற்றைத் தேடித் தர முடியுமா என்று கேட்கத்தான் போனேன்.

நடந்தது இதுதான். தொகுப்பு எனக்கு மின்னஞ்சலில் இணைப்பாக வந்தது. அதைத் தனியாக ஓரிடத்தில் சேமிக்காமல், அவுட்லுக் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் அந்த அஞ்சலின் மேலேயே இருமுறை சொடுக்கித் திறந்து, திருத்த அனுமதிக்கும் மஞ்சள் பட்டையை அழுத்திவிட்டு வேலையைத் தொடங்கிவிட்டேன். சேமிக்கும் பெட்டி வந்தபோது, எந்த ஃபோல்டருக்குள் போகிறது என்று பார்க்காமல் என்டர் விசையைத் தட்டியிருக்கிறேன். மறுநாள் அதே அஞ்சலைத் திறந்தால், ஒரு எழுத்தும் திருத்தப்படாத பழைய கோப்புதான் வந்தது. அஞ்சலுக்குள் இருக்கும் இணைப்பு மாறுவதே இல்லை, நாம் திருத்துவது அதன் நகலை மட்டுமே என்பது அன்று வரை எனக்குத் தெரியாது.

முதலில் சென்ற வேறொரு கடையில், கோப்பு அழிந்துவிட்டது என்றும், மீட்பு மென்பொருள் போட்டுப் பார்க்க 4,500 ரூபாய் ஆகும் என்றும், அதற்கும் உத்தரவாதம் இல்லை என்றும் சொன்னார்கள். கணினியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மனம் நொந்துபோய் வீடு திரும்பினேன்.

இந்தக் கடையில் அமர்ந்திருந்த தம்பி, என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "டீச்சர், அதுக்கப்புறம் டிஸ்க் கிளீனப் மாதிரி எதையாவது ஓட்டினீங்களா?" என்று கேட்டார். தற்காலிகக் கோப்புகளை நீக்கும் விண்டோஸ் கருவி அது. இல்லை என்றதும், அப்படியானால் கோப்பு பெரும்பாலும் அழிந்திருக்காது, இருக்கும் இடம்தான் நமக்குத் தெரியவில்லை என்றார். என் மடிக்கணினியில் உள்ளது எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகம் என்பதையும் பார்த்துக்கொண்டார். இவ்வகையில் ஒரு கோப்பு உண்மையாகவே அழிக்கப்பட்டுவிட்டால், அந்த இடத்தைக் கணினியே பின்னணியில் துடைத்துவிடும் என்பதால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மீட்பு மென்பொருளும் பெரும்பாலும் பயன்படாது என்று பொறுமையாக விளக்கினார்.

பிறகு வேர்டில் சமீபத்தில் திறந்த கோப்புகளின் பட்டியலைப் பார்த்தார். பதற்றத்தில் நான் அதே இணைப்பைத் திரும்பத் திரும்பத் திறந்திருந்ததால், ஒரே பெயர் அதில் பலமுறை வரிசையாக நின்றது. அவர் அவற்றில் எதையும் சொடுக்கவில்லை. விண்டோஸின் உள் அமைப்புகளைக் காட்டும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, ஹெச்கீ கரன்ட் யூசர் என்பதன் கீழ் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், ஆஃபிஸ், 16.0, அவுட்லுக், செக்யூரிட்டி என்று ஒவ்வொன்றாக இறங்கி, அங்கே ‘அவுட்லுக் செக்யூர் டெம்ப் ஃபோல்டர்’ என்ற பெயருக்கு எதிரே இருந்த நீண்ட முகவரியை எனக்குக் காட்டினார். நாம் திறக்கும் இணைப்புகளின் நகல்களை அவுட்லுக் வைத்துக்கொள்ளும் இடம் அது. ஆஃபிஸ் 2016-க்கும் அதற்குப் பின் வந்த பதிப்புகளுக்கும் அந்த எண் 16.0 என்றும், 2013-க்கு 15.0, 2010-க்கு 14.0 என்றும் சொல்லி, நான் கையோடு கொண்டு சென்ற குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார். இவ்வளவும் ‘கிளாசிக்’ எனப்படும் பழைய வகை அவுட்லுக்குக்குத்தான் பொருந்தும் என்பதையும் சேர்த்தே சொன்னார். அந்த முகவரி, பயனர் பெயருக்குக் கீழ் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஐநெட்கேஷ், கன்டென்ட் டாட் அவுட்லுக் என்று போய், பொருளற்ற எட்டு எழுத்துகளும் எண்களும் கலந்த பெயருடைய ஃபோல்டரில் முடிகிறது. வழியில் உள்ளவை மறைக்கப்பட்ட ஃபோல்டர்கள் என்பதால், ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போகிறவருக்கு அது கண்ணிலேயே படாது. முகவரியை அப்படியே நகலெடுத்து எக்ஸ்புளோரரின் மேல் பட்டையில் ஒட்டினால்தான் நேராகப் போய்ச் சேரலாம்.

ஒட்டியதும் திறந்தது. எங்கள் மலரின் கோப்பு அங்கே நான்கு நகல்களாக இருந்தது. ஒன்று வெறும் பெயரோடும், மற்றவை பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 002, 003, 004 என்ற எண்களோடும். ஒரே பெயருள்ள இணைப்பைத் திரும்பத் திறக்கும்போது முந்தைய நகல் அங்கேயே இருந்தால், அவுட்லுக் இப்படி எண் போட்டு வைத்துக்கொள்கிறதாம். அவற்றைத் திறப்பதற்கு முன், அந்த ஃபோல்டரை முழுவதுமாக என் பென் டிரைவில் நகலெடுத்தார். அதன் பிறகே, மாற்றப்பட்ட தேதியையும் நேரத்தையும் பார்த்து, முந்தின இரவு 11.40 என்று காட்டிய நகலைத் திறந்தார். முதல் பக்கத்தில் நான் மாற்றியிருந்த தலைப்பைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசிப் பக்கம் வரை ஒரு திருத்தமும் விட்டுப்போகவில்லை.

இந்த மதிப்புரையை எழுத என்னைத் தூண்டியது அதற்கு முந்தைய ஒரு நிமிடம். ஃபோல்டர் திறந்தவுடன், மலரின் கோப்போடு வேறு பலவும் அதில் கிடந்தன: என் ஓய்வூதியக் கணக்கு அறிக்கை, மகனின் பாஸ்போர்ட் நகல், ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு. எதையும் நான் சேமித்ததில்லை. அஞ்சலில் திறந்து பார்த்ததோடு சரி. இணைப்பை மூடாமல் அஞ்சலை முதலில் மூடிவிட்டாலோ, அவுட்லுக் இடையில் நின்றுபோனாலோ, அந்த நகல் நீக்கப்படாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. அந்தப் பெயர்களைக் கண்டதும் தம்பி மடிக்கணினியை என் பக்கம் திருப்பிவைத்து, "உங்க ஃபைலை நீங்களே காட்டுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பார்வையை விலக்கிக்கொண்டார். பழுதுபார்க்கக் கொடுக்கும் கணினியில் நம் வீட்டுக் காகிதங்கள் இப்படிப் பரப்பிக் கிடக்கலாம் என்பதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. வேலை முடிந்ததும், மலரின் கோப்பை ஆவணங்களுக்கான ஃபோல்டரில் வைத்துவிட்டு, அவுட்லுக்கை மூடி, மற்றவற்றை என் கையாலேயே நீக்கச் செய்தார். பழைய கணினியை விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ நினைப்பவர்கள் இந்த ஃபோல்டரை அவசியம் பார்க்க வேண்டும்.

என் கூடவே வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண், தான் தண்டர்பேர்டு என்ற வேறொரு மின்னஞ்சல் மென்பொருளைப் பயன்படுத்துவதாகச் சொன்னார். அது திறக்கும் இணைப்புகளை விண்டோஸின் பொதுவான டெம்ப் ஃபோல்டரில் வைத்துவிட்டு, மூடும்போது பெரும்பாலும் நீக்கிவிடும் என்பதால் தாமதிக்காமல் தேட வேண்டும் என்று அவருக்கும் பதில் கிடைத்தது. உலாவியில் அஞ்சல் பார்ப்பவர்கள் முதலில் டவுன்லோட்ஸைப் பார்த்தால் போதும்.

மொத்தம் 40 நிமிடங்கள் ஆயின. வாங்கிய கட்டணம் 300 ரூபாய். குறை என்று சொல்ல வேண்டுமானால், ரசீது கேட்ட பிறகே கொடுத்தார்கள். மடிக்கணினியை விட்டுச் செல்பவர்களுக்கு எழுத்தில் ஒப்புகைச் சீட்டு கொடுக்கும் வழக்கமும் இங்கே இல்லை. இவ்வளவு பொறுப்போடு வேலை செய்கிறவர்கள் அதையும் தொடங்கினால், வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம் அதிகம். காலையில் போவது நல்லது. மாடிப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்று குரல் கொடுத்தால், தம்பியே இறங்கி வந்து கணினியை வாங்கிக்கொள்கிறார்.