மூன்று முறை குத்திய பிறகு

ஊருக்குப் போயிருந்த மூன்று வாரங்களில் வங்கி வேலையும் பட்டா வேலையும் தடையின்றி முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத எதுவும் இல்லை. மனத்தை விட்டு அகலாமல் இருப்பது, ஓர் அரசு மருத்துவமனையில் தம்பி மகளுடன் கழித்த ஓர் இரவு.

இரண்டு வயதுக் குழந்தைக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. மாலையில் கண்கள் குழிந்து நாக்கு வறண்டுவிட்டது. ஆனாலும் நினைவோடு இருந்தாள், டம்ளரைக் கண்டால் தாகத்தோடு கையை நீட்டினாள். கேஷுவாலிட்டியில் நுழைந்த பத்து நிமிடத்தில், டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் செருகும் வென்ஃப்ளான் ஊசி வந்துவிட்டது. நீர் வற்றிய குழந்தைக்கு நரம்பு எளிதில் அகப்படாது. இடக்கையில் ஒரு முறை, காலில் ஒரு முறை, வலக்கையில் ஒரு முறை என்று மூன்றாவது குத்தில்தான் ஊசி ஏறியது. அவள் கத்திய கத்தலில் தம்பி மனைவி வெளியே ஓடிவிட்டாள்.

ஊசி தயாரான அதே மேசைக்கு மேலே, சுவரில், வயிற்றுப்போக்குச் சிகிச்சை விளக்கத் தாள் ஆங்கிலத்தில் ஒட்டப்பட்டிருந்தது. கண் குழிந்து, தாகத்தோடு குடிக்கும் குழந்தைக்குக் கிலோவுக்கு 75 மில்லி வீதம் ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசலை நான்கு மணி நேரத்தில் வாய்வழி கொடுக்க வேண்டும். குடிக்க முடியாமல் துவண்டு கிடக்கும் குழந்தைக்குத்தான் டிரிப்ஸ். எங்கள் பத்துக் கிலோக் குழந்தைக்கு அந்தக் கரைசல் 750 மில்லி, அதாவது 150 தேக்கரண்டி.

நர்ஸிடம் அதைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. "தெரியும்க்கா, டிரெயினிங்கெல்லாம் போயிட்டு வந்தாச்சு. நாலு மணி நேரம் ஸ்பூன் பிடிச்சு உட்கார இங்க யார் இருக்கா?" என்றார். அன்றிரவு இரண்டு வார்டுகளுக்கும் அவர் ஒருவரே. பாட்டிலை மாட்டிவிட்டால் அது தானாக இறங்கும். ஸ்பூனுக்கோ ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு கை வேண்டும். போதாததற்கு, உள்ளே நுழைந்ததும் "பாட்டில் போடலையா டாக்டர்?" என்று கேட்டவன் என் தம்பியேதான். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால், ஏன் டிரிப்ஸ் போடவில்லை என்று சண்டைக்கு வருபவர்களும் நம்மைப் போன்ற உறவினர்கள்தான். அதை நினைத்தபோது டிரிப்ஸ் போடச் சொன்ன இளம் டாக்டர்மேல் எனக்கிருந்த ஆத்திரம் பாதியாகக் குறைந்தது.

இங்கிலாந்தில் என் மகனுக்கு இதே நிலை வந்தபோது, அங்கிருந்த நர்ஸும் எங்களோடு உட்காரவில்லை. ஒரு சிரிஞ்சையும் கட்டம் போட்ட தாளையும் என் கையில் கொடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கொடுத்துக் குறித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இது சீமையில் பிறந்த வழியும் அன்று. 1971இல் மேற்கு வங்கத்தின் பனகாவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே புகட்டச் செய்தார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. எங்கள் அம்மாவும் சொம்புத் தண்ணீரில் சிட்டிகை உப்பும் கைச் சர்க்கரையும் கரைத்து இரவெல்லாம் மடியில் வைத்துப் புகட்டியவர்தான். அந்த வார்டில் வெறுமனே உட்கார்ந்திருந்த தாய்மார்கள், பாட்டிமார்கள் அத்தனை பேரிடமும் ஒரு ஸ்பூனைக் கொடுத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பத்து மணிக்கு ஊசி நரம்பை விட்டு விலகிக் கை வீங்கியது. நான்காவது குத்து வேண்டாம் என்று கெஞ்சினேன். நர்ஸ் டாக்டரிடம் கேட்டுவிட்டு, ஓர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் அளவுக் குவளையும் தந்தார். தம்பி மனைவி புகட்ட, நான் சீட்டின் பின்புறம் கோடு கிழித்தேன். ஒரு முறை வாந்தி எடுத்தாள். பத்து நிமிடம் பொறுத்து மறுபடி தொடங்கினோம். மூன்று மணிக்குச் சிறுநீர் போனாள்.

விடியற்காலையில் நர்ஸ் வந்து என் கோடுகளை எண்ணி, 750 என்று கேஸ் ஷீட்டில் டிரிப்ஸ் கட்டத்தில் எழுதினார். வாய்வழி கொடுத்ததைக் குறிக்க அந்தத் தாளில் வேறு கட்டம் இல்லை.