ஒய்ஏ (யங் அடல்ட், அதாவது டீன் ஏஜ் புள்ளைங்களுக்கான நாவல்) முடிச்சாச்சு, அடுத்து எந்த ஃபேண்டஸி நாவல எடுக்கறதுன்னு முழிக்கறவங்களுக்கு

சிக்ஸ் ஆஃப் க்ரோஸ் முடிச்சாச்சு, ஹங்கர் கேம்ஸ் மனப்பாடம், பெர்சி ஜாக்சன்லாம் எப்பவோ தாண்டியாச்சு, இனிமே பெரியவங்களுக்கான ஃபேண்டஸி ஏதாவது சொல்லுங்கன்னு ஒருத்தர் கேட்டா போதும், நாலா பக்கத்துல இருந்தும் கேம் ஆஃப் த்ரோன்ஸ் படி, வே ஆஃப் கிங்ஸ் படின்னு அள்ளி விட ஆரம்பிச்சுடுவாங்க. ரெண்டும் மட்டமான புக்குன்னு சொல்லல, சண்டைக்கு வராதீங்க. ஆனா ஒய்ஏ வேகத்துக்கே பழகினவங்க கைல எடுத்த எடுப்புல ஆயிரம் பக்கத்த குடுத்தா, நூறு பக்கம் தாண்டறதுக்குள்ள மூடி வெச்சுட்டு எனக்கு இந்த பெரியவங்க ஃபேண்டஸியே செட் ஆகாதுப்பான்னு ஒதுங்கிடுவாங்க. அப்டி ஒதுங்கினவங்க நிறைய பேர எனக்கு தெரியும். குறை அவங்க மேல இல்ல, சிபாரிசு பண்ணவங்க மேல.

முதல்ல ஒன்னு. ஒய்ஏன்னா ஹீரோவுக்கு 16, 17 வயசு, பெரியவங்க புக்குன்னா ஹீரோவுக்கு 30 வயசுன்னு நெனச்சுட்டு இருக்கோம்ல, அது பாதிதான் நெஜம். 1996-ல வந்த கேம் ஆஃப் த்ரோன்ஸ் முதல் புக்கு ஆரம்பிக்கும்போது அதோட முக்கிய பாத்திரங்கள்ல ப்ரானுக்கு 7 வயசு, ஆர்யாவுக்கு 9 வயசு, அத குழந்தைங்க புக்குன்னு யாராவது சொல்வாங்களா? இன்னொரு பக்கம் பாத்தா சாரா ஜே. மாஸோட எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ 2015-ல ஒய்ஏன்னு சொல்லி வித்தாங்க, 2020-ல அட்டைய மாத்தி பெரியவங்க ஷெல்ஃபுக்கு நகத்திட்டாங்க, உள்ள இருக்கற கதை அதேதான். லேபிள்ல பாதி வியாபாரம். பொன்னியின் செல்வன எடுத்துக்கோங்க, 1950-ல ஆரம்பிச்சு 1954 வரைக்கும் தொடரா வந்தது, அஞ்சு பாகம், சதி, உளவு, அரியணைச் சண்டைன்னு முழுக்க பெரியவங்க சமாச்சாரம், ஆனா அத ஸ்கூல் படிக்கும்போதே முடிச்சவங்க எத்தனை பேர்! ஏன்னா வந்தியத்தேவன் குதிரைல வர்றான், நாமளும் அவன் கூடவே போறோம், ஆரம்பத்துல அவனுக்கு தெரியாதது நமக்கும் தெரியாது.

என்னோட அளவுகோல் இதுதான். இந்த புக்கு எத்தனை பேர் மண்டைக்குள்ள நம்மள உக்கார வெக்குது? ஒய்ஏல பெரும்பாலும் ஒரு ஆள், மிஞ்சிப்போனா நாலஞ்சு பேர், அவங்க பயம், காதல், கோவம் எல்லாம் நமக்கு பக்கத்துலயே நடக்கும். கேம் ஆஃப் த்ரோன்ஸ்ல முன்கதைய விட்டுட்டாலே எட்டு பேர் பார்வை, ஒருத்தர புடிச்சு உக்காரும்போது அடுத்த அத்தியாயம் வேற ஊருக்கு போயிடும். பழகாதவங்களுக்கு அங்கதான் வழுக்குது. கெட்ட வார்த்தையோ ரத்தமோ இல்ல பிரச்சனை, அதெல்லாம் ஒய்ஏ புள்ளைங்க சாதாரணமா தாங்கிப்பாங்க. அதனால ஒரே ஆள விட்டு ரொம்ப தூரம் போகாத புக்கா பாத்து ஆரம்பிங்க.

இதுக்கு ரொம்ப பொருத்தமா நான் சொல்றது பிராண்டன் சாண்டர்சனோட மிஸ்ட்பார்ன்: தி ஃபைனல் எம்பயர், 2006-ல வந்தது. வானத்துல இருந்து சாம்பல் கொட்டிட்டே இருக்கற உலகம், ராத்திரி ஆனா மூடுபனி, ஆயிரம் வருஷமா ஒரே சக்கரவர்த்தி சாகாம ஆண்டுட்டு இருக்கான், அவன கவுக்க ஒரு திருட்டு கும்பல் பிளான் போடுது. வின்னுன்னு 16 வயசு பொண்ணு, தெருவுல அடிபட்டு வளந்தவ, யாரையும் நம்ப மாட்டா, அவ அண்ணன் விட்டுட்டு ஓடிட்டான், ஆனா அவன் சொன்ன எச்சரிக்கையெல்லாம் அவ காதுக்குள்ள ஓடிட்டே இருக்கும். இதுல வர்ற மந்திரம் எப்டின்னா உலோகத்த விழுங்கி வயித்துக்குள்ள எரிக்கணும், பியூட்டர்ங்கற கலப்பு உலோகத்த எரிச்சா பலம் வரும், டின் எரிச்சா கண்ணு காது கூர்மையாகும், ஸ்டீல் எரிச்சா வெளில இருக்கற உலோகத்த தள்ளலாம், அயர்ன் எரிச்சா இழுக்கலாம். இப்ப ஒரு காச கீழ போட்டு அத தள்ளுறீங்கன்னு வெச்சுக்கோங்க, காசு தரைல முட்டிடுச்சு, அதுக்கு மேல அது போக எடம் இல்ல, அதனால தள்ளற வேகத்துல நீங்க மேல பறப்பீங்க. அதே காச ஒருத்தன் மேல தள்ளினா அது தோட்டா. தன்ன விட கனமான பொருள இழுத்தா அது வராது, நீங்கதான் அதுகிட்ட போய் விழுவீங்க. வின் ராத்திரில கூரை மேல இத கத்துக்கற அத்தியாயம் ஒன்னு இருக்கு, அத படிச்சுட்டு புக்க கீழ வெச்சவங்கள நான் பாத்ததில்ல.

குறை இல்லாம இல்ல. மொழி அழகுக்காக படிக்கறவங்களுக்கு சாண்டர்சன் சப்புன்னு இருக்கும், நேரா சொல்லிட்டு போயிட்டே இருப்பாரு. அப்பறம் அந்த கும்பல்ல வின்ன தவிர எல்லாருமே ஆம்பளைங்க, ஒரு ஊரையே கவுக்கப் போற டீம்ல இன்னொரு பொண்ணு கூடவா கிடைக்கலன்னு கேட்க தோணும். ஆனா இந்த கதையோட மூணு புக்கும் 2008-க்குள்ள வந்து முடிஞ்சிடுச்சு, பெருசா ஆபாசம் கிடையாது, பிரபுக்களோட நடன விருந்து நடக்கற எடத்துல ஓரமா உக்காந்து புக்கு படிக்கற ஒரு பணக்கார பையன் வர்றான், ஒய்ஏ ரொமான்ஸ் புடிச்சவங்களுக்கு அவன் ஒருத்தன் போதும்.

மந்திரம்னா இப்டி கணக்கு வழக்கா இருக்கக்கூடாது, கொஞ்சம் மர்மமா இருக்கணும்னு நினைக்கறவங்க நவோமி நோவிக்கோட அப்ரூட்டட் எடுக்கலாம். 2015-ல வந்தது, அறிவியல் புனைவு, ஃபேண்டஸிக்கு குடுக்கற நெபுலா விருது வாங்கினது, முக்கியமா ஒரே புக்கு, தொடர் கிடையாது. போலந்து நாட்டுப்புறக் கதை வாசம் அடிக்கற கதை. பள்ளத்தாக்குல இருக்கற மந்திரவாதி பத்து வருஷத்துக்கு ஒரு பொண்ண கோபுரத்துக்கு கூட்டிட்டு போவான், எல்லாரும் அழகான, தைரியமான கசியாவத்தான் எடுப்பான்னு நினைக்கறாங்க, ஆனா எப்பவும் பாவாடைல சேறும் கறையுமா திரியற அவ தோழி அக்னீஷ்காவ எடுத்துடறான். கதைய அவளே சொல்றா, அதனால ஒய்ஏ நெருக்கம் அப்டியே இருக்கு. அவன் மந்திரத்த இலக்கணம் மாதிரி அட்சரம் பிசகாம சொல்ற ஆளு, இவளுக்கு அது சுத்தமா வரல, பாதி முணுமுணுத்து பாதி பாடி தட்டுத்தடுமாறி போறா, அவன் கத்தறான், ஆனா வேலை நடந்துடுது, அவனுக்கு ஏன்னே புரியல. அந்த காட்சியெல்லாம் செம. ரெண்டு பேரும் சேந்து ஒரு மந்திரம் போடற எடத்துல காதல் காட்சிய விட அதிக கெமிஸ்ட்ரி இருக்குன்னுதான் சொல்லணும்.

எனக்கு இதுல உறுத்தறது அந்த மந்திரவாதிதான், நூறு வயசுக்கு மேல ஆன ஆளு, அவள 17 வயசுல கூட்டிட்டு வந்து பாதி புக்கு திட்டிட்டே இருப்பான், அப்பறம் அது காதலாகுது. சிலருக்கு இது ஓகே, சிலருக்கு எரிச்சல். வெளிப்படையான ஒரு படுக்கையறை காட்சியும் இருக்கு, சின்னவங்களுக்கு வாங்கி குடுக்கறவங்க தெரிஞ்சு குடுங்க. ஆனா இந்த கதைல உண்மையான உறவு அக்னீஷ்காவுக்கும் கசியாவுக்கும் நடுவுல இருக்கறது, ஊரயே விழுங்கற ஒரு மாயக் காடு இருக்கு, அதுக்குள்ள தோழிய தேடி அவ போற பகுதிக்காகவே முழு புக்கையும் படிக்கலாம்.

சாகசம்தான் வேணும், கடல், கப்பல், புதையல்னு ஓடணும்னா ஷானன் சக்ரபோர்த்தியோட தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் அமினா அல்-சிராஃபி, 2023. இத ஒய்ஏ ஆளுங்ககிட்ட சொன்னா முதல்ல மூஞ்ச சுளிப்பாங்க, ஏன்னா ஹீரோயின் நடுவயசு அம்மா, முட்டி வலி வேற. கொஞ்சம் பொறுங்க. ஒய்ஏல அம்மா அப்பாவெல்லாம் என்ன ஆவாங்க? முதல் அத்தியாயத்துக்கு முன்னாடியே செத்துருப்பாங்க, இல்லன்னா மாடிய விட்டு இறங்கவே மாட்டாங்க. இங்க அந்த அம்மாவே கதைய கைல எடுத்துக்கறா. 12-ஆம் நூற்றாண்டு இந்தியப் பெருங்கடல், ஒரு காலத்துல எல்லா துறைமுகத்துலயும் பேர் கேட்டா நடுங்கின கடற்கொள்ளைக்காரி, இப்ப பொண்ண வளத்துட்டு ஒளிஞ்சு வாழறா. பணக்கார பாட்டி ஒருத்தி வந்து காணாம போன பேத்திய கண்டுபிடிச்சு குடுன்னு காசையும் காட்டி மிரட்டலயும் சேத்து வெக்கறா, பழைய கப்பல், பழைய கூட்டாளிங்க, விஷம் கலக்கறதுல கில்லாடியான டலீலா, எல்லாரையும் திரும்ப ஒன்னு சேக்கறா. சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்ல கும்பல் சேர்ற பகுதி புடிச்சவங்களுக்கு இங்கயும் அதே கிக்கு.

கதைய ஒரு எழுத்தர்கிட்ட அவ வாயால சொல்ற மாதிரி எழுதிருக்காங்க, நடுநடுவுல அவன்கிட்ட அத எழுதாத, இத எழுதுன்னு மல்லுக்கட்டுவா, நான் சிரிச்சுட்டே இருந்தேன். பொண்ண விட்டுட்டு கடலுக்கு வந்துட்டோமேன்னு குத்தறது ஒரு பக்கம், கப்பல் மேல கால் வெச்சதும் வர்ற சந்தோஷம் ஒரு பக்கம், ரெண்டையும் ஒளிக்காம சொல்வா, இந்த மாதிரி குழப்பம் ஒய்ஏல கிடைக்காது, பெரியவங்க ஃபேண்டஸிக்கு வர்றதே இதுக்குத்தான். நடுவுல கொஞ்சம் வேகம் குறையும், தாண்டிடுங்க. அடுத்தடுத்து புக்கு வர்ற தொடர்தான், ஆனா இந்த கதை இதுலயே முடிஞ்சிடும்.

சிக்ஸ் ஆஃப் க்ரோஸ் ரசிகர்களுக்கு எல்லாரும் கண்ண மூடிட்டு சொல்ற இன்னொரு பேரு ஸ்காட் லிஞ்சோட தி லைஸ் ஆஃப் லாக் லமோரா, 2006. பொருத்தம்தான், ஆனா முதல் புக்கா வேணாம், ரெண்டாவதா மூணாவதா எடுங்க. வெனிஸ் மாதிரி கால்வாய் ஊர்ல ஒரு மோசடி கும்பல், ஒரு பிரபுவ ஏமாத்திட்டு இருக்கும்போதே லாக் வேற வேஷத்துல ரகசிய போலீஸா அவர் வீட்டுக்கு போய் ஐயா உங்கள ஒருத்தன் ஏமாத்தறான், அவன புடிக்கணும், அதனால தெரியாத மாதிரி அவன் கேக்கற காச குடுத்துட்டே இருங்கன்னு சொல்லிட்டு வர்றான். இந்த ஒரு எடத்துக்கே கைதட்டலாம். ஆனா ஆரம்பம் மெதுவா போகும், சின்ன வயசு கதை நடுநடுவுல குறுக்க வரும், வாய் தொறந்தா கெட்ட வார்த்தை, பாதிக்கு மேல கதை திடீர்னு கொடூரமா திரும்பும். ஏழு புக்குன்னு சொல்லி ஆரம்பிச்சாரு, மூணாவது 2013-ல வந்தது, அதோட நிக்குது. முதல் புக்கு தனியா நிக்கும்ங்கறதால கவலப்படாம படிக்கலாம்.

இப்ப ஜாக்கிரதையா இருக்க வேண்டியது. ஆர். எஃப். குவாங்கோட தி பாப்பி வார், 2018, இத ஒய்ஏன்னு நெனச்சு எடுக்கறவங்க எக்கச்சக்கம். ஏழை அனாதை பொண்ணு, நாட்டுலயே கஷ்டமான பரீட்சை, ராணுவ ஸ்கூல், திமிர் புடிச்ச பணக்கார பையன், விசித்திரமான வாத்தியார்னு முதல் பகுதி அச்சு அசல் ஒய்ஏ ஸ்கூல் கதை. அப்பறம் போர் வந்துடும். 1937-ல சீனாவோட நான்கிங் நகரத்துல ஜப்பான் ராணுவம் நடத்தின படுகொலைய வெச்சு எழுதின அத்தியாயம் ஒன்னு இருக்கு, பாலியல் வன்முறை, குழந்தைங்க சாவுன்னு எதையும் மறைக்கல. நல்ல புக்கு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா ஸ்கூல் கதை வேணும்னு கேட்ட 14 வயசு புள்ளைக்கு இத குடுக்கறவங்கள என்ன சொல்றது. லீ பார்டூகோவோட நைன்த் ஹவுஸும் இதே கேஸ், சிக்ஸ் ஆஃப் க்ரோஸ் எழுதின அதே ஆள்னு பேர பாத்து எடுத்துடாதீங்க, 2019-ல அவங்க பெரியவங்களுக்குன்னே எழுதினது, அமெரிக்காவோட யேல் யுனிவர்சிட்டில நடக்குது, பாலியல் கொடுமை உட்பட தூக்கத்த கெடுக்கற விஷயங்கள் உண்டு.

பெரிய புக்கே பயமா இருக்குன்னா டி. கிங்ஃபிஷரோட நெட்டில் அண்ட் போன். கொடுமைக்கார ராஜகுமாரன்கிட்ட மாட்டிக்கிட்ட அக்காவ காப்பாத்த 30 வயசு இளவரசி ஒருத்தி கிளம்பறா, எலும்பையெல்லாம் கம்பில கட்டி நாய் செய்றா, அது எழுந்து வால ஆட்டுது. கூட வர்ற கிழவிகிட்ட பேய் புடிச்ச கோழி ஒன்னு. 2023-ல ஹியூகோ விருது வாங்கினது, சின்ன புக்கு, சீக்கிரம் ஓடிடும். சூசன்னா கிளார்க்கோட பிரனேசியும் சின்னதுதான், ஆனா அது வேற ரகம், முடிவே இல்லாத ஒரு மாளிகைல தனியா இருக்கறவன் எழுதற டைரி, முதல் ஐம்பது பக்கம் ஒன்னும் புரியாது, புரியாமலே படிங்க.

கடைசியா ராபின் ஹாப். அசாசின்ஸ் அப்ரெண்டிஸ், 1995. இளவரசனுக்கு முறைகேடா பொறந்த பையன், குதிரை லாயத்துல வளர்றான், ரகசியமா கொலைத்தொழில் கத்துக்கறான், மிருகங்களோட மனசுக்குள்ள போற சக்தி வேற. அவனே சொல்ற கதை, ஒரே மண்டை, என் அளவுகோல்ல முதல் இடம் வரவேண்டிய புக்கு, ஆனாலும் கடைசில வெச்சதுக்கு காரணம் இது அவசரமே படாது. சண்டைய விட சாப்பாட்டு மேஜைல யார் யார பாத்தாங்கங்கறதுல பத்து பக்கம் போகும். ஃபிட்ஸ்ங்கற அந்த பையன் அடி வாங்குவான், தப்பு பண்ணுவான், திரும்ப அடி வாங்குவான், அவன் கூட வர்ற நாய்க்குட்டிய நெனச்சா எனக்கு இன்னும் கோவம் வருது. அதே உலகத்துல மொத்தம் 16 நாவல் இருக்கு, முதல் மூணோட நிறுத்திக்கலாம், ஆனா மூணாவத முடிச்சவங்க நாலாவது எதுன்னு தேடாம இருந்து நான் பாக்கல.