திப்பியா, காபி உமியா, தென்னை நார்க்கழிவா?

பட்டறைக் கழிவுநீரில் உள்ள சாயத்தையும் செம்பையும் மலிவாகப் பிடித்தெடுக்க இந்தத் தாவரக் கழிவுகளில் எது உதவும்? முதலில் ஒன்று: சேலத்துச் சாயப்பட்டறை நீரும் கொலுசுப் பட்டறை நீரும் ஒன்றல்ல. பருத்தி நூலுக்கு ஏற்றும் ரியாக்டிவ் சாயம் நீரில் எதிர்மின்னூட்டம் கொண்டது. கொலுசு வெள்ளியில் கலந்த செம்போ அமிலக் கழுவலில் நேர்மின் அயனியாக இறங்குகிறது. பச்சையான தாவரக் கழிவின் பரப்பில் கார்பாக்சில் தொகுதிகள் (அமிலத் தன்மையுள்ள அணுக்கூட்டங்கள்) எதிர்மின்னூட்டத்தோடு நிற்பதால் செம்பு வந்து ஒட்டும், சாயம் விலகிப் போகும். ஆய்வகங்களில் விரும்பி எடுக்கப்படும் மெத்திலீன் நீலம் நேர்மின் சாயம். அதில் கிடைக்கும் அழகான முடிவைப் பட்டறை நீருக்கு அப்படியே பொருத்த முடியாது.

சேகோ ஆலைத் திப்பியை, அதாவது மரவள்ளிக்கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையைத்தான் இங்கே முதலில் பரிந்துரைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாட்டுத் தீவனமாக விலை போகும் பொருளை எந்தக் கணக்கில் கழிவு என்பது? அதில் மிஞ்சிய மாவுச்சத்து நீரில் கரைந்து புளிக்கும்; ஒரு மாசை எடுக்கப்போய் இன்னொன்றைச் சேர்த்ததாகும். மரவள்ளித் தோலைக் கரியாக்கினால் பயன்படும், அவ்வளவுதான்.

செம்புக்கு என் தேர்வு ஏற்காட்டுக் காபி உமி. முதலில் அதை நன்றாக அலச வேண்டும். இல்லாவிட்டால் பழுப்புச் சாறு இறங்கித் தெளிந்த நீரையே கறையாக்கிவிடும். அமில நீரில் உமியை நேரே போடுவதும் வீண்: பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) 2 அளவில் ஹைட்ரஜன் அயனிகளே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பு சேர்த்து பி.எச். 5 அருகே கொண்டுவந்தால் செம்பு ஒட்டும். செம்பு மிகுதியாக இருந்தால் இன்னும் சுண்ணாம்பு விட்டு வீழ்படிவாக்குவதே மலிவு. அதற்குப் பின் மிஞ்சும் சிறு அளவைப் பிடிக்கத்தான் உமி.

சாயத்துக்குத் தென்னை நார்க்கழிவைக் கரியாக்கிப் பயன்படுத்தலாம். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் 1990களிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். நுண்துளை மிகுந்த கரி, சற்று அமிலமான நீரில் எதிர்மின் சாயத்தையும் பிடிக்கும். சூளைச் செலவும் புகையும் தனி.

உப்பை மூன்றும் தொடாது. அடர்நிறச் சாயக் குளியலில் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்புப் போடுவதுண்டு; அதைப் பிரிக்க எதிர் சவ்வூடுபரவலும் (நீரை அழுத்தி நுண்சவ்வின் வழியே வடிப்பது) ஆவியாக்கியும் வேண்டும். நிறம் போன நீரைத் திருமணிமுத்தாற்றில் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

செம்பு ஏறிய உமியை நீர்த்த அமிலத்தில் கழுவி மீண்டும் சில முறை பயன்படுத்தலாம். சாயம் குடித்த கரிக்கு அந்த வசதி குறைவு. இரண்டையுமே எருக்குழியில் கொட்டக்கூடாது.