வெள்ளைப் பீங்கானா, கருப்பு ஸ்டோன்வேரா, வாழையிலையா?

திருவான்மியூரில் நானும் தம்பியும் ஒரு சின்ன உணவகம் நடத்துகிறோம். காலை டிபன், மதியச் சாப்பாடு, மொத்தம் 24 இருக்கைகள். நான் ஓவியம் படித்தவள், அவன் கேட்டரிங் படித்தவன். முதல் வருடம் கைக்குக் கிடைத்த தட்டுகளை வைத்தே ஓட்டினோம். அப்புறம் ஒரே மாதிரித் தட்டாக வாங்கலாம் என்று உட்கார்ந்தபோது சண்டை வந்தது. அவனுக்குக் கருப்பு மேட் ஸ்டோன்வேர், அதாவது அதிக வெப்பத்தில் சுட்ட, பளபளப்பில்லாத மண்தட்டு வேண்டும். எனக்கு வெள்ளைப் பீங்கான். அம்மாவுக்கு வாழையிலையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வெள்ளையில் வந்து நின்றோம். நான் முதலிலிருந்தே வெள்ளைக் கட்சி. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

இலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பந்திக்கு வாழையிலையை மிஞ்ச ஒன்றும் கிடையாது. நுனி சாப்பிடுபவரின் இடது பக்கம், மேல் பாதியில் உப்பு, ஊறுகாய், பச்சடி, கூட்டு, பொரியல், கீழ்ப் பாதியில் சோறு என்று எதை எங்கே வைப்பது என்பதை நமக்கு முன்னால் இருந்தவர்களே முடிவு செய்து கொடுத்துவிட்டார்கள். மேலே சின்னச் சின்ன நிறங்கள் வரிசையாக, கீழே பெரிய வெள்ளை, அந்த வெள்ளையின் நடுவில் பருப்பின் மஞ்சள். பச்சைத் தளத்தில் இவற்றில் எதுவும் மங்குவதில்லை. ஆனால் நாங்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரிமாறுவதில்லை. ஒரு பதார்த்தம் முடிந்த பிறகுதான் அடுத்தது வரும். மூன்று பணியாரத்தையும் ஒரு கரண்டி சட்னியையும் முழு இலையில் வைத்தால் இலைதான் தெரிகிறது, பணியாரம் தெரிவதில்லை. முகூர்த்த நாட்களில் கோயம்பேட்டில் இலை விலை ஏறுவது தனிக் கதை. அதனால் முழு இலையை விட்டோம். வட்டமாக நறுக்கிய இலை மட்டும் எங்களோடு தங்கியது. அது எதற்கு என்பது வெள்ளைத் தட்டுப் பேச்சில் வரும்.

இனி கருப்பு. புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கியதிலிருந்து அந்த ஊரைச் சுற்றி ஸ்டோன்வேர் செய்யும் கைகள் பெருகிவிட்டன. அந்தப் பக்கத்துச் சிறிய பட்டறை ஒன்றிலிருந்து தம்பி 24 தட்டுகள் வாங்கி வந்தான். முதல் நாள் அதில் இட்லி வைத்தபோது நானே வாயடைத்துப் போனேன். கருப்பின் மேல் இரண்டு இட்லி, பக்கத்தில் தேங்காய்ச் சட்னி, மேலே நாலு கடுகு. இட்லியின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய வளைவு, மேல்தோலின் பொரபொரப்பு எல்லாம் தெரிந்தது. தயிர்சாதமும் அப்படித்தான்.

இதற்குக் காரணம் தெரிந்ததுதான். பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கருப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று நெசவாளர்கள் முறையிட்டார்கள். அவர் பரிசோதித்துப் பார்த்தபோது சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்த நிறம்தான் அந்தக் கருப்பை மங்கலாகக் காட்டியது. ஒரு நிறத்தைக் கண் தனியாகப் பார்ப்பதில்லை, அண்டை நிறத்தோடு சேர்த்தே பார்க்கிறது என்று 1839-இல் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். உணவுத் தட்டில் இதைவிட உதவியான விதி எனக்குத் தெரியாது. ஆனால் இட்லியைத் தூக்கிக்காட்டிய அதே கருப்பு, வத்தக்குழம்பை விழுங்கிவிட்டது. எண்ணெய்க் கத்திரிக்காய், மிளகுக் குழம்பு, கறிவேப்பிலைக் குழம்பு, சுட்ட அப்பளம், சேனை வறுவல் என்று நம் சமையலில் பாதி பழுப்புக்கும் கருப்புக்கும் நடுவில்தான் இருக்கிறது. கருப்புத் தட்டில் அவற்றின் ஓரமே தெரியவில்லை. எண்ணெயின் மினுமினுப்பு மட்டும் தெரிந்தது.

இதுகூடப் பரவாயில்லை, பதார்த்தத்தைப் பார்த்துத் தட்டை மாற்றிக்கொள்ளலாம். எங்களைத் தோற்கடித்தது தண்ணீர்.

எங்கள் கட்டடத்தில் மெட்ரோ தண்ணீர் சில மணி நேரம்தான். மிச்ச நேரத்துக்கு போர் தண்ணீர், கோடையில் லாரி. சென்னையில் போர் தண்ணீரில் குளித்தவர்களுக்கு அதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. குழாய் வாயிலும் வாளியிலும் கீஸரிலும் படியும் அந்த வெள்ளைப் பொருக்கு தட்டிலும் படிகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் உப்பு, துளி காய்ந்ததும் சுண்ணாம்பாக அங்கேயே தங்கிவிடும். மேட் பூச்சு கண்ணுக்கு மென்மையாகத் தெரிந்தாலும் அதன் மேற்பரப்பு நுண்ணிய சொரசொரப்பு உள்ளது. சுண்ணாம்புக்கு அது நல்ல பிடிமானம். இரண்டே வாரத்தில் ஒவ்வொரு கருப்புத் தட்டிலும் சாம்பல் வளையங்கள். பாத்திரம் தேய்க்க வரும் அக்கா தட்டை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டி, "நான் நல்லாதான் தேய்க்கிறேன் பாப்பா, காய்ஞ்சதும் உப்புப் பூத்துடுது" என்று வருத்தப்பட்டார். அவர் மேல் தவறே இல்லை. தட்டு செய்தவர் மேலும் இல்லை.

வினிகர் தோய்த்த துணியால் துடைத்தால் போய்விடுகிறது, வினிகரின் அமிலத்தில் சுண்ணாம்பு கரைந்துவிடும். ஆனால் 24 தட்டு, ஒரு வேளைக்கு இரண்டு மூன்று சுற்று. ஒவ்வொன்றையும் வினிகரில் துடைத்து, மறுபடி அலசி, ஈரம் காய்வதற்குள் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கொஞ்சம் சாயம் போன துணியாக இருந்தால் பஞ்சு ஒட்டும். கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் பயன்படுத்தினோம். அந்த இயந்திரம் நல்ல தண்ணீர் தருவதற்காகச் சாக்கடைக்கு அனுப்பும் தண்ணீரைப் பார்த்து, அதுவும் கோடை மாதத்தில், மனம் ஒப்பவில்லை. இதற்கு மேல், பரிமாறும்போது நெய்க்கை பட்டால் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிகிறது. பளபளப்பான கருப்பில் இரண்டு தட்டு வாங்கிப் பார்த்தோம். அதில் சுண்ணாம்பு குறைவாகப் பிடித்தது, ஆனால் மேலே இருக்கும் டியூப் லைட் முழுசாகத் தட்டில் தெரிந்தது.

இதை ஏதோ கழுவும் வேலைப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. தட்டை அலங்கரிப்பதில் பாதி, வெறுமையாக விடும் இடம். வாசலில் கோலம் போடுபவர்கள் முதலில் தரையைக் கூட்டித் தண்ணீர் தெளித்து ஒரே நிறமாக ஆக்கிக்கொள்கிறார்கள். அந்தத் தளம் சுத்தமாக இருந்தால்தான் புள்ளியும் கோடும் நிற்கும். தட்டிலும் அதே கதைதான். மூன்றில் ஒரு பங்கை வேண்டுமென்றே காலியாக விட்டு, பொரியலை ஓரமாக வைக்கிறேன் என்றால், அந்தக் காலி இடம் கண்ணுக்கு அமைதியாக இருக்க வேண்டும். அங்கே மூன்று சாம்பல் வளையம் இருந்தால் கண் பொரியலை விட்டுவிட்டு வளையத்தைத்தான் பார்க்கும். சாப்பிட வந்தவர் தட்டு சரியாகக் கழுவவில்லை என்று நினைப்பார். அப்புறம் காம்போசிஷன், அதாவது எதை எங்கே வைப்பது என்று பேசுவதில் பொருளே இல்லை. காலி இடத்தை மூடுவதற்காகத் தம்பி கொத்தமல்லி தூவ ஆரம்பித்தான். அன்றைக்குத்தான் கருப்பை நிறுத்தலாம் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

வெள்ளையிலும் அதே சுண்ணாம்பு படியத்தான் செய்கிறது. வெள்ளை மேல் வெள்ளை என்பதால் கண்ணில் படுவதில்லை, கண்ணாடி போன்ற பூச்சு என்பதால் வாரம் ஒரு தடவை துடைத்தாலே போய்விடுகிறது. மஞ்சள் கறை பற்றிப் பலர் பயமுறுத்தினார்கள். நல்ல பூச்சுள்ள பீங்கானில் மஞ்சள் உள்ளே இறங்காது. மெலமைன் தட்டில்தான் இறங்கும், அதையும் வெயிலில் வைத்தால் மெல்ல வெளிறும். பூச்சில் மயிரிழை வெடிப்பு விழுந்த தட்டு மட்டும் ஆபத்து, சாம்பார் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்துவிடும். அப்படிப்பட்டதை உடனே ஒதுக்கிவிடுகிறோம். எவர்சில்வர் கரண்டி உரசிய இடத்தில் பென்சில் கோடு மாதிரி விழுவது உண்டு, சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் போகிறது. எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கையால் சாப்பிடுவதால் அந்தத் தொல்லையும் குறைவு.

வெள்ளையின் உண்மையான பலவீனம் இட்லிதான். வெள்ளையில் வெள்ளை வைத்தால் ஓரம் கரைந்துபோகிறது. அங்கேதான் வட்ட இலை வருகிறது. தட்டின் உள்வட்டத்தைவிடச் சிறியதாக ஒரு இலைத் துண்டை நறுக்கி, நடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளி வைத்து, அதன் மேல் இட்லி. பச்சை ஓரம் இட்லிக்குக் கோடு போட்டுக் கொடுக்கிறது, வெளியே வெள்ளை விளிம்பு படச்சட்டம் மாதிரி நிற்கிறது. இலை வேண்டாம் என்றால் தக்காளிச் சட்னியைக் கீழே பரப்பி அதன் மேல் வைக்கலாம். வத்தக்குழம்பு, கீரை மசியல், பீட்ரூட் பொரியல் போன்றவற்றுக்கு எந்த உதவியும் தேவைப்படவில்லை. கீரையின் பச்சை எத்தனை வகை என்பதை வெள்ளைத் தட்டில்தான் பார்த்தேன்.

அளவு பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். முதலில் 30 சென்டிமீட்டர் தட்டுதான் எடுத்தேன், காலி இடம் நிறையக் கிடைக்குமே என்று. பொங்கலைக் கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்த்து அதில் வைத்தால், "இவ்வளவுதானா?" என்ற கேள்வி முகத்திலேயே தெரிந்தது. பெரிய வளையத்துக்குள் இருக்கும் வட்டம் அதன் உண்மையான அளவைவிடச் சிறியதாகத் தெரியும் என்பது டெல்போஃப் என்ற பெல்ஜிய அறிஞர் 1865-இல் எழுதிய கண்மயக்கம். அதே பொங்கலை 25 சென்டிமீட்டர் தட்டில் வைத்தோம், கேள்வி நின்றது. நிறையச் சாப்பிட்ட திருப்தியோடு அனுப்புவது நம் ஊர் விருந்தின் உயிர். காலி இடத்துக்காக அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. உயரமாக அடுக்குவதையும் குறைத்துக்கொண்டோம். கையால் பிசைந்து சாப்பிடுபவருக்கு அடுக்கு முதல் கவளத்திலேயே சரிந்துவிடும். மாறாக, பணியாரமோ வடையோ மூன்றாக வைப்பது எப்போதும் கைகொடுக்கிறது, இரண்டும் நாலும் தானாகவே ஜோடி சேர்ந்து விறைப்பாக நிற்கின்றன.

ருசியும் தட்டின் நிறத்தால் மாறுமா? ஒரே ஸ்ட்ராபெரி மூஸை (நுரைபோல மென்மையான இனிப்பு) வெள்ளையிலும் கருப்பிலும் கொடுத்தபோது வெள்ளையில் வந்ததையே மக்கள் அதிக இனிப்பாக உணர்ந்தார்கள் என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. எங்கள் பால் பாயசத்துக்கும் அது பொருந்தும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. நான் எட்டுப் பேரிடம்தான் கேட்டேன், அவர்களும் உறவுக்காரர்கள். அசைவம் நாங்கள் சமைப்பதில்லை என்பதால், மட்டன் சுக்காவுக்குக் கருப்பு எப்படி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எலும்புச் சாம்பல் கலந்து செய்யும் பீங்கானான போன் சைனாவில் ஆறு தட்டுதான் வைத்திருந்தேன், இரண்டு மாத அனுபவம். எடை குறைவு, அழகு, அவ்வளவுதான் சொல்வேன். பித்தளைத் தட்டை யோசித்தோம், ஆனால் ஈயம் பூசாமல் அதில் புளிக்குழம்பு ஊற்ற முடியாது, ஈயம் பூசுபவரைத் தேடிப் பிடிப்பது இப்போது பெரிய வேலை.

உடைந்தால் என்ன செய்வது என்பதையும் வாங்கும்போதே யோசித்துவிடுங்கள். கையால் செய்த ஸ்டோன்வேரில் ஒவ்வொரு சூளைக்கும் நிறம் கொஞ்சம் மாறும். அது அதன் அழகு. ஆனால் ஒரே மேசையில் ஐந்து தட்டு ஒரு கருப்பு, ஆறாவது வேறு கருப்பு என்றால் தெரிகிறது. வெள்ளை உடைந்தால் பாரிமுனைக்குப் போய், அதே அச்சில் நாலு வாங்கி வந்துவிடுகிறேன்.

கருப்புத் தட்டில் இப்போது 18 மிச்சம். தயிர்சாதத்துக்கு மட்டும், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எடுக்கிறோம். அன்றைக்கு அவற்றைத் தம்பியே கழுவி, ஈரம் காய்வதற்குள் ஒவ்வொன்றாகத் துடைத்து, நடுவில் காகிதம் வைத்து அடுக்குகிறான்.