சிக்னலில் அணையும் காரும் ஒரு சின்ன ஓபிடி ஸ்கேனரும்

சிக்னலில் நின்றாலே என் பழைய பெட்ரோல் கார் கிடுகிடுவென ஆடி அணைந்துவிடும். ஒரு கடையில் நாலு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினார்கள், பலனில்லை. அப்புறம்தான் காரின் கம்ப்யூட்டர் பதிவுசெய்யும் கோளாறு கோடுகளைப் படிக்கும் இந்த ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனரை வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி போனில் பார்த்தேன். பி0171 என்று கோடு வந்தது, அதாவது கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் கம்மி. ஃப்யூல் டிரிம் என்பது கலவையைச் சரிசெய்ய கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு. ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, 22 சதவீதம் காட்டிய அது, ஆக்ஸிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோனதும் 4க்கு இறங்கிவிட்டது. உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள எஞ்சினில் இப்படி இறங்கினால், பெரும்பாலும் அந்த சென்சாரைத் தாண்டி எங்கோ ஒரு கசிவு வழியாகக் காற்றை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். பானெட்டைத் திறந்து தடவிப் பார்த்தால், எஞ்சினின் உறிஞ்சு பாதையோடு சேர்ந்த ரப்பர் குழாயான வேக்குவம் ஹோஸின் வளைவில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு! ஹோஸை மாற்றியதும் ஐடில் 800இல் அசையாமல் நிற்கிறது. எந்தப் பாகம் போயிற்று என்று இந்தக் கருவி சொல்லாது, எங்கே தேட வேண்டும் என்று காட்டும், அதற்கே கொடுத்த காசு தகும். வண்டியை நிறுத்தினால் மட்டும் கழற்றி வையுங்கள், பேட்டரியை மெல்ல இழுக்கிறது.