குவாசார் புராஜெக்டுக்கு ஸ்லோனா, கையாவா, டெசியா?

புதுச்சேரியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும் அண்ணன் மகளுக்குப் புராஜெக்ட். கடலூரில் எங்கள் மொட்டை மாடியில் சின்னத் தொலைநோக்கி ஒன்று உண்டு. ஐப்பசி பிறந்துவிட்டால் அதில் மேகம்தான் தெரியும். 1769-இல் சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்துக் கிடந்த பிரெஞ்சுக்காரர் லெ ஜென்டிலுக்கே அன்று காலை மேகம் மூடிவிட்டது. நாங்கள் எம்மாத்திரம்? அடுத்தவர் வானத்தை அளந்து இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் தரவை நம்பி இறங்கினோம். கையா, டெசி, ஸ்லோன் மூன்றும் அப்படிப்பட்ட தொகுப்புகள்.

கையா பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஐரோப்பிய விண்கலம், 2022 வெளியீட்டில் சுமார் 180 கோடிப் பொருள்கள். நட்சத்திரத்தின் தொலைவு, நகர்வு வேண்டுமென்றால் யோசிக்கவே வேண்டாம், கார்த்திகைக் கூட்டத்தை வைத்தே ஒரு புராஜெக்டை முடித்துவிடலாம். இவளுக்கோ குவாசார் மேல் ஆசை, அதாவது மிகத் தொலைவில் உள்ள கேலக்ஸியின் நடுவே, பெரிய கருந்துளையைச் சுற்றிப் பிரகாசிக்கும் பகுதி. கையா தரும் குவாசார் நிறமாலையில், அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவில், நுணுக்கம் போதவில்லை.

டெசி அரிசோனாவில் இருக்கிறது. 4 மீட்டர் தொலைநோக்கி, ஒவ்வொரு பொருளின் ஒளியையும் தனித்தனியே பிடிக்க, ரோபோக்கள் நகர்த்தும் 5,000 ஒளியிழைகள். 2025 மார்ச்சில் வந்த முதல் வெளியீட்டிலேயே 1.87 கோடிப் பொருள்கள். மொத்தம் 270 டெராபைட் என்று படித்ததும் வீட்டு வைஃபையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். வேண்டியதை மட்டும் எடுக்கலாம்தான். ஆனால் நான் அதைத் தொட்டது இரண்டே மாலை, அதனால் என் பேச்சை வைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

கடைசியில் எடுத்தது ஸ்லோன். நியூ மெக்சிகோவில் 2.5 மீட்டர் தொலைநோக்கி, 2000-இல் தொடங்கிய வேலை. அலுமினியத் தகட்டில் துளையிட்டு, 640 ஒளியிழைகளை ஆட்கள் கையால் செருகிய காலத்துச் சரக்கு. வானம் முழுவதும் கிடையாது, பழசும்கூட. இருந்தும் ஒரே காரணத்துக்காக அதைப் பிடித்துக்கொண்டோம்: பொருளின் படமும் நிறமாலையும் பிரவுசரில் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும், கண்ணால் சரிபார்க்கலாம்.

ஒரு கேலக்ஸியைத் திறந்தோம். ஆய்வகத்தில் 6563 ஆங்ஸ்ட்ராம் (அலைநீளத்தின் அலகு) அளவில் இருக்க வேண்டிய ஹைட்ரஜன் கோடு 7220 பக்கம் நின்றது. வகுத்தால் 1.1, அதில் ஒன்றைக் கழித்தால் செம்பெயர்ச்சி 0.1; பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எத்தனை பங்கு நீண்டது என்பதன் அளவு அது. "அத்தை, இதை ஸ்கேல் வச்சே அளந்துடலாம் போல!" என்றாள். பிறகு குவாசார். புற ஊதாவில் 1216-இல் கிடக்கும் லைமன் ஆல்ஃபா என்ற ஹைட்ரஜன் கோடு, செம்பெயர்ச்சி 2.5 என்றால் 4256-க்கு வந்து ஊதா நிறத்தில் தெரியும். ஒரே ஒரு கோடு மட்டும் தெரியும் இடத்தில் மென்பொருள் மக்னீசியத்தின் கோட்டை லைமன் ஆல்ஃபா என்று எண்ணி, செம்பெயர்ச்சியைத் தப்பாகச் சொல்லிவிடவும் கூடும். ஸ்லோன் பட்டியலில் சந்தேகத்துக்கென்றே ஓர் எச்சரிக்கை எண் உண்டு. அது பூஜ்ஜியமாக இல்லாதவற்றை அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். இயற்பியல் அவளுக்குப் பிடிபட்டது அங்கேதான்.

அப்புறம், கையாவை முழுக்க விட்டுவிடவில்லை. குவாசார் இருக்கும் தூரத்துக்கு அது நகர்வது தெரியவே தெரியாது. புள்ளி தெளிவாக நகர்ந்தால் அது நம் பால்வீதி நட்சத்திரம், பட்டியலிலிருந்து தூக்கிவிடலாம். அந்த ஒரு வேலைக்கு மட்டும் ராத்திரியில் கையாவைத் திறக்கிறாள்.